தட்டணுவின் ஐந்து நாள்

ஒரு பொருள் கெடாமலிருக்க வேண்டுமானால் அதைக் குளிரில் வைக்க வேண்டும் என்பது இந்நாளில் வீட்டுக்கு வீடு அறிந்த பாடம். மீனும் இறைச்சியும் பாலும் குளிர்பதனப் பெட்டிக்குள் போகின்றன. இன்சுலினும் தடுப்பூசி மருந்தும் அங்கேயே இடம் பெறுகின்றன. இரத்த வங்கியிலும் இப்பாடம் பெரும்பாலும் செல்லுபடியாகின்றது. கொடையாகப் பெற்ற குருதியிலிருந்து பிரித்த சிவப்பணுக்களைச் செல்சியசு அளவில் 2 முதல் 6 பாகைக் குளிரில் வைத்தால் 35 நாள் நிற்கும். தக்க ஊட்டநீர் சேர்த்தால் 42 நாள் வரை நிற்கும். குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவைப் பனிக்கட்டியாக்கி வைத்துவிட்டால் ஓராண்டுக்குக் குறையாது. ஆனால், அதே குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. குளிரில் வைத்தால் அது கெடும். அசையாமல் வைத்தால் கெடும். காற்றுப் புகாத பையில் வைத்தாலும் கெடும். எல்லாம் முறைப்படி செய்து வைத்தாலும் ஐந்து நாளுக்கு மேல், சில நாடுகளில் ஏழு நாளுக்கு மேல், அதனை நோயாளிக்கு ஏற்றுதற்கு விதி இடந்தருவதில்லை. அதுவே தட்டணு. டிங்கிக் காய்ச்சல் கண்ட வீட்டார் 'பிளேட்லெட்' என்னும் பெயரால் அதனைக் கேட்டிருப்பர்.

சிவப்பணுவுக்கு நன்மை செய்யும் குளிர் தட்டணுவுக்கு ஏன் தீமை செய்கின்றது? குளிரை நீக்கியதால் வந்த புதிய தொல்லை யாது? ஐந்து நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இரத்த தானம் செய்வோர் பெருகிவரும் நம் நாட்டில் இவற்றை அறிந்திருப்பது பயனுடையது.

தட்டணு என்பது முழு உயிரணு அன்று. எலும்பு மச்சையிலே மிகப் பெரிய உயிரணுக்கள் சில உண்டு. அவை தம் உடலை நீள நீளமாக இழுத்துத் துண்டு துண்டாகக் குருதியோட்டத்தில் உதிர்க்கின்றன. அத்துண்டுகளே தட்டணுக்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அதில் இரண்டு மூன்று கூறுதான் ஒரு தட்டணுவின் அகலம். அதற்கு உட்கரு இல்லை. ஆகவே தன்னுள் பழுதுபட்ட பகுதியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு ஏறக்குறைய இல்லை எனலாம். பிறக்கும்போது கொண்டுவந்த கைப்பொருளைச் செலவிட்டு எட்டுப் பத்து நாள் வாழ்ந்து மறைந்துவிடும். மறைவதை ஈடுசெய்ய, நலமுள்ள ஒருவரின் மச்சை நாள்தோறும் ஏறத்தாழப் பதினாயிரங் கோடித் தட்டணுக்களை உண்டாக்குகின்றது.

இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்துப் பேராசிரியர் ஜூலியோ பித்சோசெரோ 1882ஆம் ஆண்டையொட்டி இவற்றின் தொழிலைக் கண்டு உரைத்தார். உயிருள்ள விலங்கின் நுண்ணிய குருதிக்குழாய்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கியபோது, காயம்பட்ட இடத்தில் முதலில் வந்து ஒட்டி அடைப்பவை இச்சிறு தட்டுகளே என்பது தெரியவந்தது. 'சிறு தட்டு' என்ற பொருளுடைய சொல்லையே அவர் தம் மொழியில் இவற்றுக்கு இட்டார். நம் 'தட்டணு' என்னும் சொல்லும் அவ்வழியில் அமைந்ததே. தட்டு என்ற இந்த வடிவத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்வது நல்லது. சேமிப்பில் கெட்ட தட்டணுவையும் கெடாத தட்டணுவையும் பிரித்தறிய இவ்வடிவமே முதல் அடையாளம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய சொல் மற்றொன்றும் உண்டு. தமிழில் நீர் பனிக்கட்டியாவதும் 'உறைதல்'. காயத்தில் குருதி கட்டியாவதும் 'உறைதல்'. முன்னது வெப்பம் நீங்குவதால் வருவது. பின்னது உயிர்ப்பொருள்கள் பல ஒன்றையொன்று தூண்டி நடத்துவது. இரண்டையும் ஒரே சொல்லால் கேட்கும் மாணவன், குருதியைக் குளிரில் வைத்தால் அது காயத்தில் உறைவதுபோல் உறைந்துவிடும் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. குளிர் தட்டணுவைக் கெடுக்கும் வழி அதுவன்று என்பதைப் பின்னே காணலாம்.

நலமுள்ளவர் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,50,000 முதல் 4,00,000 வரை தட்டணுக்கள் இருக்கும். குருதிப் புற்றுநோயிலும், அதற்குச் செய்யும் மருந்துச் சிகிச்சையிலும் மச்சையின் வேலை நின்றுபோகின்றது. எண்ணிக்கை 10,000க்கும் கீழே இறங்கினால், அடிபடாமலே ஈறிலும் மூக்கிலும் குருதி கசியும். மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் வில்லியம் டியூக் என்ற மருத்துவர், குருதிப்போக்கு நில்லாத இளைஞர் ஒருவருக்குப் பிறர் குருதியை ஏற்றினார். தட்டணு எண்ணிக்கை உயர்ந்தது; குருதிப்போக்கும் நின்றது. 1910இல் அவர் எழுதிவைத்த இச்செய்தியே தட்டணு மருத்துவத்தின் தொடக்கம். சில நாளில் எண்ணிக்கை மறுபடியும் இறங்கியது என்பதும் அவர் கண்டதே. 1962இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்து மருத்துவர்கள், தட்டணு எண்ணிக்கை குறையக் குறையக் குருதிப்போக்கு மிகுவதைக் கணக்கிட்டுக் காட்டினர். அதுமுதல் தட்டணுவைத் தனியே பிரித்து ஏற்றுவது வேகமாகப் பரவியது. தேவை பெருகியது, ஆனால் எடுத்ததைச் சேமித்து வைக்கும் வழி ஒருவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை.

தட்டணுவைப் பெறும் முறைகள் இரண்டு. ஒன்று, வழக்கமாகத் தானஞ் செய்யும் ஒரு பைக் குருதியைச் சுழற்சிப் பொறியில் இட்டு, கனத்தால் வேறுபடும் பகுதிகளைப் பிரிப்பது. இவ்வாறு ஒருவர் குருதியிலிருந்து ஏறத்தாழ 5,500 கோடித் தட்டணுக்கள் கிடைக்கும். வளர்ந்த ஒருவருக்கு ஒருமுறை ஏற்ற நாலைந்து பேரின் கொடையை ஒன்றுசேர்க்க வேண்டிவரும். மற்றொன்று, கொடையாளியைப் பொறியோடு இணைத்து, தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை அவருக்கே திருப்பிச் செலுத்துவது. இதற்கு ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆயினும் ஒருவரிடமிருந்தே 30,000 கோடி கிடைத்துவிடும்.

எம்முறையாயினும் குருதி கட்டியாகாமல் முதலில் காக்க வேண்டும். தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோர்க்கு இது புதிதன்று. மரத்திலிருந்து இறங்கிய பால் கட்டிப்பாலாகிவிடாமல் ஆலைக்குப் போய்ச் சேர அமோனியா கலப்பதுண்டு. இரத்தப் பையில் அவ்விடத்தைப் பிடிப்பது சிட்ரேட்டு உப்பு. குருதி கட்டியாவதற்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. சிட்ரேட்டு அச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. குருதி நீராகவே நிற்கின்றது. ஒப்புமை இவ்வளவே. பாலில் காக்கப்படுவது பொருள். பையில் காக்கப்படுவதோ உயிர். தட்டணு பைக்குள்ளும் உண்கிறது, மூச்சு விடுகிறது, கழிவு தள்ளுகிறது. அதன் சேமிப்பு வரலாறு முழுதும் இவ்வுண்மையைச் சிறிது சிறிதாகக் கண்டுகொண்ட வரலாறே.

கண்ணாடிப் புட்டியில் குருதியை வாங்கிய காலத்தில் சேமிப்பு என்ற பேச்சே எழவில்லை. காயத்தைத் தேடி ஒட்டும் இயல்புடைய தட்டணு கண்ணாடியையும் காயமெனக் கருதி ஒட்டிக்கொள்ளும். 1950ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க அறுவை மருத்துவர் கார்ல் வால்ட்டர் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்த பின்னரே, தட்டணுவை உருக்குலையாமல் பிரிக்க வழி பிறந்தது. பைகளை ஒன்றோடொன்று குழாயால் முன்னமே இணைத்து வைத்ததால் வெளிக்காற்றுப் படாமலே பிரிக்கவும் முடிந்தது. பிரித்த தட்டணுவைச் சிவப்பணுவைப் போலவே 4 பாகைக் குளிரில் வைத்தனர். அவ்வாறு வைப்பது தவறென்று எண்ண அன்று காரணம் ஏதும் இல்லை. சோதனைக் குழாயில் பார்த்தால் குளிரில் வைத்த தட்டணு நன்றாகவே வேலை செய்தது.

1969இல் பிலடெல்பியா நகரத்து ஸ்காட் மர்பியும் பிராங்க் கார்ட்னரும் இந்நம்பிக்கையை உடைத்தனர். அவர்கள் சோதனைக் குழாயோடு நிற்கவில்லை. தட்டணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தைச் சிறிதளவு சேர்த்து, கொடையாளியின் உடலுக்கே திரும்பச் செலுத்தி, எத்தனை நாள் அவை குருதியோட்டத்தில் நிற்கின்றன என்று அளந்தனர். ஓரிரவு மட்டுமே குளிரில் இருந்த தட்டணுக்கள்கூட உடலுக்குள் சென்றதும் விரைவில் மறைந்தன. 22 பாகையில் வைத்தவையோ பல நாள் உலவின. நோயாளியின் எண்ணிக்கையை ஓரிரு நாள் உயர்த்தி வைக்க வேண்டிய மருந்து, ஏற்றிய சில மணி நேரத்தில் பெரும்பகுதி காணாமற்போனால் பயன் என்ன? குழாயில் நடப்பது வேறு, உடலில் நடப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று அறிவியல் பாடத்தில் அரிது. உலகத்து இரத்த வங்கிகள் தட்டணுவைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தன.

குளிர் செய்யும் கேடு என்ன? தட்டணுவின் விளிம்பை ஒட்டி உள்ளே நுண்குழல்களாலான வளையம் ஒன்று உண்டு. முறத்துக்கு விளிம்புக் கட்டுப்போல அவ்வளையமே அதனைத் தட்டையாக நிறுத்தி வைக்கின்றது. குளிர்பட்டால் வளையம் கலைகின்றது. தட்டு உருண்டையாகிறது, உருண்டையிலிருந்து முட்கள் போன்ற நீட்சிகள் கிளம்புகின்றன. மறுபடி சூடாக்கினால் வளையம் ஓரளவு கூடலாம். ஆனால் பழைய வாழ்நாள் திரும்புவதில்லை. ஏன் திரும்பவில்லை என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2003இல் கரின் ஹாஃப்மைஸ்டர் குழுவினர் அமெரிக்காவில் விடை கண்டனர். காயத்தில் ஒட்டிக்கொள்வதற்கென்று தட்டணுவின் மேற்பரப்பில் கைகள் போன்ற புரதங்கள் பரவி நிற்கின்றன. அவற்றின்மேல் சருக்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. குளிரில் அக்கைகள் ஓரிடத்தில் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. அக்கூட்டத்தில் வெளியே தெரியும் சருக்கரை நுனியைக் கல்லீரலில் காவல் நிற்கும் விழுங்கணுக்கள் பற்றி, தட்டணுவை முழுதாக விழுங்கிவிடுகின்றன. தட்டணு குளிரால் சாகவில்லை. வேண்டாத பொருள் என்ற குறி அதன்மேல் விழுந்துவிடுகின்றது, அவ்வளவே. அந்நுனியை வேறொரு சருக்கரையால் மூடிவிட்டால் கல்லீரல் ஏமாறுமா என்றும் பார்த்தார்கள். சுண்டெலியில், சிறிது நேரமே குளிரில் வைத்த தட்டணுக்களுக்கு அவ்வழி பலித்தது. மனிதரில், இரண்டு நாள் குளிரில் வைத்தவற்றுக்குப் பலிக்கவில்லை.

ஆகவே இன்று விதி 20 முதல் 24 பாகை. இதனை 'அறை வெப்பம்' என்று நூல்கள் குறிக்கின்றன. அந்த அறை பிலடெல்பியாவின் அறை. கிள்ளானிலோ குளுவாங்கிலோ உள்ள அறையன்று. நம் ஊரில் நண்பகல் அறை 30 பாகையைத் தாண்டும். அவ்வெப்பத்தில் தட்டணு மிகுதியாக உண்டு, மிகுதியாகக் கழிவு தள்ளி, விரைவில் கெடும். எனவே அவர்கள் மேசைமேல் வைத்ததை நாம் குளிரூட்டிய தனி அலமாரியில் வைத்துக் காக்க வேண்டியிருக்கின்றது. சமூக மண்டபத்திலும் கோயில் வளாகத்திலும் நடக்கும் இரத்த தான முகாம்களுக்கும் இது பொருந்தும். தட்டணு பிரிக்கவேண்டிய குருதிப் பையைப் பனிக்கட்டியோடு சேர்த்து அனுப்பினால் சிவப்பணு பிழைக்கும், தட்டணு போயிற்று. ஆதலால் அத்தகைய பைகளை 20 முதல் 24 பாகையில் நிறுத்தும் சிறப்புத் தட்டுகளோடு பெட்டியில் அடுக்கி, குறித்த நேரத்துக்குள் பிரிக்கும் இடத்தில் சேர்ப்பார்கள்.

வெப்பம் சரியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி மூச்சு. தட்டணு தன் உணவாகிய குளுக்கோசுச் சருக்கரையை இரு வழியில் எரிக்கும். பிராணவாயு போதிய அளவு கிடைத்தால் முழுதும் எரித்துக் கரியமில வாயுவாக்கி வெளியேற்றும். கிடைக்காவிட்டால் அரைகுறையாக எரித்துப் பாலமிலத்தை உண்டாக்கும். ஓட்டப் பந்தயத்தில் மூச்சுத் திணறும்போது தசையில் சேர்கின்ற அதே அமிலம்தான் இது. பிளாஸ்மாவிலுள்ள பைகார்பனேட்டு உப்பு அவ்வமிலத்தைச் சில நாள் தாங்கும். உப்புத் தீர்ந்தால் பையின் அமிலத்தன்மை விரைந்து ஏறும். நல்ல நிலையில் 7க்கு மேல் இருக்கும் பி.எச். அளவு 6.2க்குக் கீழே இறங்கினால் தட்டணுக்கள் பொதும்பி உருண்டையாகி விடுகின்றன. அதன்பின் அவை உடலில் நில்லா.

முதற்காலத்துப் பிளாஸ்டிக் பைகள் காற்றை எளிதாக விடவில்லை. அதனால் மூன்று நாளைக்குள் மூச்சுத் திணறல் தொடங்கியது. பைக்குள் தட்டணு எவ்வளவு நெருக்கமாக இருந்ததோ அவ்வளவு விரைவில் கெட்டது. 1980களில் வேறு வகைப் பிளாஸ்டிக்கால் பை செய்தார்கள். பிராணவாயு அதன் சுவரின் வழியே உள்ளே செல்லும். கரியமில வாயு வெளியேறும். நீரோ கிருமியோ செல்லாது. தட்டணு ஐந்து நாளும் அதற்கு மேலும் நல்ல நிலையில் நின்றது. எளிய கண்டுபிடிப்பாகத் தோன்றினும், தட்டணுச் சேமிப்பில் இதற்கு இணையான முன்னேற்றம் வேறில்லை என்றே கூறலாம்.

பை மூச்சு விட்டால் மட்டும் போதாது. அசையாமல் கிடந்தால் தட்டணுக்கள் அடியில் படிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். நடுவிலுள்ளவற்றுக்குப் பிராணவாயு எட்டாது. ஆதலால் பைகளைத் தட்டையாகப் பரப்பி, நிமிடத்துக்கு 60, 70 முறை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டும் தட்டுகளில் வைக்கின்றனர். இரவும் பகலும் இத்தொட்டில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போது சில மணி நேரம் ஆட்டம் நின்றாலும் பெருங்கேடில்லை. ஒரு நாள் முழுதும் நின்றால்தான் அமிலம் சேரத் தொடங்கும் என்று ஆய்ந்து கண்டிருக்கின்றனர். கடுமையாகக் குலுக்குவதும் ஆகாது. குலுக்கலைத் தட்டணு காயத்தின் அறிகுறியாகக் கொண்டு விழித்துவிடும்.

இரத்த வங்கிப் பணியாளர் ஒரு பையைக் கையில் எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பிப் பார்ப்பார். உள்ளே புகை சுழல்வது போல, பட்டுத் துணியில் ஒளி ஓடுவது போல ஒரு மினுமினுப்புத் தோன்றினால் தட்டணுக்கள் இன்னும் தட்டையாகவே உள்ளன என்று பொருள். தட்டையான பொருள் நீரில் புரளும்போது ஒரு பக்கம் ஒளியை மறிக்கும், மறுபக்கம் விடும், அதனால் மினுமினுப்பு. உருண்டையாகிவிட்டால் எப்பக்கம் திருப்பினும் ஒன்றே. பை மங்கலாகக் கிடக்கும். கோடிக்கணக்கான நுண்பொருள்களின் நலத்தை வெறுங்கண்ணால் அறிந்துகொள்ளும் இவ்வழிக்குக் காசு செலவில்லை. ஐயத்துக்குரிய பையை ஒதுக்க இது இன்றும் உதவுகின்றது.

வெப்பம், காற்று, அசைவு மூன்றும் சரியாக இருந்தாலும் தட்டணு மூப்படைவது நிற்காது. நாள் செல்லச் செல்ல அதன் உட்பைகளில் இருந்த பொருள்கள் சிறிது சிறிதாக வெளியே கசிகின்றன. மேற்பரப்பில் விழிப்பின் அடையாளங்கள் தோன்றுகின்றன. ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள் தளர்கின்றன. இவையனைத்தையும் சேர்த்துச் 'சேமிப்புப் பழுது' என்பர். ஏற்றிய பின் சில பழுதுகள் உடலுக்குள் ஓரளவு தேறுவதும் உண்டு. புதிய சேமிப்பு முறையை ஒப்புக்கொள்ளும் முன், சேமித்த தட்டணுக்களில் குருதியோட்டத்தில் நிற்பவை, புதிதாக எடுத்து உடனே ஏற்றியவற்றில் நிற்பவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் அளவுகோல் வைத்திருக்கின்றனர். முழுமையை எவரும் எதிர்பார்க்கவில்லை. பிளாஸ்மாவில் பெரும்பகுதியை நீக்கி, அசிட்டேட்டு உப்புக் கலந்த நீரை ஊற்றிவைக்கும் முறையும் பல நாடுகளில் உண்டு. அசிட்டேட்டு தட்டணுவுக்கு உணவாகும். எரியும்போது அமிலத்தையும் குறைக்கும். பிளாஸ்மாவால் வரும் ஒவ்வாமையும் தணியும். வெள்ளணுக்களைச் சேமிக்கும் முன்பே வடிகட்டி நீக்குவதும் நன்று. பைக்குள் கிடக்கும் வெள்ளணு நாளுக்கு நாள் கக்கும் பொருள்களே, தட்டணு ஏற்றிய சிலருக்குக் குளிர்காய்ச்சல் வருவதற்குக் காரணமாக இருந்தன.

கொடையாளி செய்யும் பழுதும் உண்டு. தலைவலிக்கு ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கியவரின் தட்டணு, விழித்து மற்றவற்றை அழைக்கும் ஆற்றலை இழக்கின்றது. உட்கரு இல்லாமையால் அதை அது திரும்பப் பெறுவதே இல்லை. வாழ்நாள் முழுதும் குறை நீங்காது. தட்டணு மட்டும் தருவோரிடம் சில நாளாக ஆஸ்பிரின் உண்டதுண்டா என்று வினவுவது இதனாலே. எவ்வளவு நேர்த்தியாகச் சேமித்தாலும் இக்குறை தீராது.

இவ்வளவும் படித்தவர், நல்ல பை கிடைத்த பின்னர் ஐந்து நாளோடு ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அமெரிக்காவில் 1984இல் ஏழு நாள் என்று நீட்டினார்கள். 1986இல் மறுபடி ஐந்தாகக் குறைத்தார்கள். குறைத்தது தட்டணு கெட்டதற்காக அன்று. 22 பாகை வெப்பம், பிராணவாயு, சருக்கரை, ஓயாத மென்மையான அசைவு என்ற இவை அனைத்தும் கிருமிக்கும் உகந்தவை. கொடையாளியின் தோலை எவ்வளவு துடைத்தாலும் ஊசி நுழையும் துளையில் ஒன்றிரண்டு கிருமிகள் பைக்குள் போகக்கூடும். குளிரில் அவற்றுள் பெரும்பாலானவை பெருகா. தட்டணுப் பையிலோ ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்காம் ஐந்தாம் நாளில் கோடிக்கணக்கில் நிற்கும். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இழந்து கிடக்கும் புற்றுநோயாளியின் நரம்புக்குள் அது நேரே பாய்ந்தால் விளைவு கூறவேண்டியதில்லை. ஆகவே தட்டணுவுக்குக் கெடு வைத்தது தட்டணு அன்று, கிருமியே.

இதனைத் தடுக்கச் செய்த ஏற்பாடுகளுள் மிக எளியது, முதலில் வரும் 30, 40 மில்லிலிட்டர் குருதியைச் சிறு துணைப்பையில் ஒதுக்கிவிடுவது. தோலில் துளையிட்ட ஊசி அள்ளி வந்த கிருமி அதோடு போய்விடுகின்றது. அக்குருதி வீணாவதுமில்லை, சோதனைக்குப் பயன்படுகின்றது. அடுத்தது, பையிலிருந்து சிறிது எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்வது. எடுத்த அன்றே சோதித்தால் ஒன்றிரண்டு கிருமி அகப்படாமல் தப்பும். ஒரு நாளுக்கு மேல் பெருகவிட்டுச் சோதித்தால் அகப்படும். இங்கிலாந்து 2011இல் இவ்வழியை மேற்கொண்டு ஏழு நாள் வரை வைத்துக்கொண்டது. மூன்றாவது வழி, மருந்துப் பொருள் ஒன்றைக் கலந்து புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கிருமியின் மரபுப்பொருளைக் கட்டிவிடுவது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் அதற்கு இது பெருந்தீங்கு செய்யாது. எனினும் அதற்கும் சிறிது இழப்பு உண்டு. ஏற்றிய பின் எண்ணிக்கை சற்றுக் குறைவாகவே உயர்கின்றது.

கிருமிக்கு அஞ்சிக் குளிரைத் திரும்பிப் பார்ப்போரும் இந்நாளில் உளர். குளிர்ந்த தட்டணு உடலில் நெடுநாள் நில்லாது என்பது மெய்யே. ஆனால் போர்க்களத்திலோ சாலை விபத்திலோ குருதி பெருகிக் கிடப்பவருக்கு அது ஒரு வாரம் உலவ வேண்டிய தேவையில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஓடிச்சென்று அடைத்தால் போதும். குளிரால் பாதி விழித்து நிற்கும் தட்டணு அவ்வேலையை விரைவாகச் செய்கின்றது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2015இல் மூன்று நாள் குளிர்ச் சேமிப்புக்கும், 2023இல், வழக்கமான தட்டணு கிடைக்காத இடங்களில் குருதிப்போக்குள்ளவர்க்கென, 14 நாள் வரை குளிர்ச் சேமிப்புக்கும் இடந்தந்தது. நெதர்லாந்துப் படையினர் இன்னும் ஒரு படி சென்று, காப்பு மருந்து கலந்து கழிவு 80 பாகையில் உறையவைத்து ஆண்டுக் கணக்கில் சேமித்துப் போர்முனைக்குக் கொண்டுபோயினர். மர்பியும் கார்ட்னரும் கண்டது பொய்யாகவில்லை. அவர்கள் அளந்தது வாழ்நாளை. இவர்கள் வேண்டுவது வேகத்தை. குருதிப் புற்றுநோயாளிக்கு நாள்கணக்கில் நிற்கும் தட்டணுவே வேண்டும். அவருக்கு 22 பாகைப் பையே மருந்து.

நம் நாட்டில் தட்டணு என்றதும் டிங்கியே நினைவுக்கு வருவதால் ஒன்று கூறவேண்டும். டிங்கியில் எண்ணிக்கை இறங்கியதும் தட்டணு ஏற்றுமாறு உறவினர் மருத்துவரை நெருக்குவது வழக்கம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து மருத்துவமனைகளில் 372 பெரியவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. எண்ணிக்கை 20,000க்கு மிகாமல் இருந்தும் குருதிப்போக்கு இல்லாத டிங்கி நோயாளிகளுள் ஒரு சாராருக்குத் தட்டணு ஏற்றினர்; மறுசாராருக்கு ஏற்றவில்லை. ஏற்றியதால் குருதிப்போக்குக் குறையவில்லை. ஒவ்வாமை முதலிய தொல்லைகள் ஏற்றியவர்க்கே மிகுதியாயின. டிங்கியில் மச்சை சில நாளில் தானே தேறிவிடும். குருதி பெருகாதவரை பொறுத்திருப்பதே நலம் என்று மருத்துவர் கூறினால், அது புறக்கணிப்பு அன்று. மச்சை அடங்கிக் கிடக்கும் மற்றொரு நோயாளிக்கு அந்தப் பை கிடைக்கும்.

ஐந்து நாள் என்பதும் முழு ஐந்து நாள் அன்று. எடுத்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நோய்க்கிருமிச் சோதனைகளுக்கும் பிரிப்பதற்கும் ஒரு நாளோ அதற்கு மேலோ போய்விடும். வெளியூர் மருத்துவமனைக்குச் சேர அரை நாள். அலமாரியில் ஆடிக்கொண்டு நோயாளிக்காகக் காத்திருப்பது மூன்று நாள், மூன்றரை நாள்தான். சிவப்பணுவைப் பெருநாளுக்கு முன்பே நிறையச் சேர்த்து வைக்கலாம். தட்டணுவை அவ்வாறு செய்ய முடியாது. நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் தீபாவளியும் வந்தால் மக்கள் ஊருக்குப் புறப்படுகின்றனர். கொடையாளர் வரிசை மெலிகின்றது. மருத்துவமனையிலுள்ள நோயாளியின் தட்டணு எண்ணிக்கை மட்டும் விடுமுறை எடுப்பதில்லை. தீபாவளி ஒரு புதன்கிழமை வருவதாகக் கொண்டால், அதற்கு முந்திய வியாழக்கிழமை எடுத்த பைக்குச் செவ்வாய் நள்ளிரவோடு கெடு முடியும். வெள்ளியன்று எடுத்தது புதனன்றும், சனியன்று எடுத்தது வியாழனன்றும் முடியும். விடுமுறை கழிந்து வெள்ளிக்கிழமை காலையில் ஏற்றுவதற்குப் பை வேண்டுமானால், ஞாயிறு முதல் புதன் வரையுள்ள நாட்களில் எவரேனும் வந்து கை நீட்டியிருக்க வேண்டும்.